புவெப்லா சோகலோவுல பரோக் எங்கதான் இருக்கு?

நீங்க கேட்டது இதுதான்: மெக்சிகோ போனப்போ ஒரு நாள் புவெப்லாவுக்கும் போயிருக்கீங்க, மெயின் ஸ்கொயர் சோகலோல நின்னு சுத்திப் பாத்திருக்கீங்க, எல்லாரும் பரோக் நகரம் பரோக் நகரம்னு சொல்றாங்க (பரோக்னா சுருளும் வளைவும் நிறைய அலங்காரமுமா கட்டற பழைய ஐரோப்பிய ஸ்டைல்), ஆனா கண்ணு முன்னாடி நின்ன கதீட்ரல் கறுத்துப்போய், அலங்காரமே இல்லாம, வெறும் கல்லா இருந்துச்சு, அப்போ பரோக்குங்கிறது சும்மா டூரிஸ்ட் விளம்பரமா, இல்ல நாம பாக்கத் தெரியாம பாத்தோமா. அடுத்த வருஷம் மறுபடி போறதாவும் சொல்லியிருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

விளம்பரம் இல்லங்க, நிஜம்தான். ஆனா அந்த ஊர்ல பரோக் கதீட்ரலோட வெளிச்சுவர்ல இல்ல. செங்கல், டைல்ஸ், சுண்ணாம்பு, இந்த மூணுலதான் இருக்கு. வீட்டு முகப்புலயும் சேப்பல் உள்ளேயும்தான் தேடணும். கல்லைப் பாத்தவங்களுக்குக் கண்டிப்பா ஏமாத்தமாதான் இருக்கும்.

முதல்ல அந்த ஸ்கொயரப் பத்தி. புவெப்லா ஸ்பானியர்களுக்குன்னே புதுசா அளந்து கட்டின ஊர், பழைய ஆஸ்டெக் நகரத்து மேல கட்டினது இல்ல. 1531 ஏப்ரல் 16-ல மோதொலினியான்னு கூப்பிடப்பட்ட ஃபிரான்சிஸ்கன் பாதிரியார் பூசை வச்சு ஆரம்பிச்சது, வெராக்ரூஸ் துறைமுகத்துக்கும் மெக்சிகோ சிட்டிக்கும் நடுவுல வழியில ஒரு ஊர் வேணும்னு. அந்த வருஷமே மழையில வெள்ளம் வந்து கொஞ்சம் தள்ளி மறுபடி ஆரம்பிச்சாங்க. தேவதைகள் வந்து கயிறு பிடிச்சு தெரு அளந்து குடுத்ததா ஊர்ல ஒரு கதை உண்டு, ஊர் பேரே "தேவதைகளின் புவெப்லா"தான். நிஜத்துல உழைச்சது தெலஷ்கலா, சொலூலா, ஊஎஹோத்சிங்கோ பக்கத்துலேருந்து கூட்டம் கூட்டமா கொண்டுவரப்பட்ட பூர்வகுடி ஜனங்க. இதைச் சொல்லாம அந்த ஊர் கட்டடங்களைப் பத்திப் பேசுறது எனக்குப் பிடிக்காது.

தெருவெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா ஓடும், நடுவுல ஒரு கட்டத்த மட்டும் காலியா விட்டிருப்பாங்க, அதுதான் சோகலோ. இப்ப நீங்க பாத்த மரம், பெஞ்ச், நிழல் எல்லாம் 19-ஆம் நூற்றாண்டுல வந்தது. காலனி காலத்துல அது வெட்டவெளி, அங்கதான் சந்தை, காளைச்சண்டை, தூக்குத்தண்டனை எல்லாமே. நடுவுல இருக்கற சான் மிகேல் ஃபவுன்டன் 1777-ஆம் வருஷத்தது. மூணு பக்கமும் ஆர்ச் வச்ச நடைபாதை ஓடுதே, அதை போர்ட்டாலெஸ்னு சொல்வாங்க, வியாபாரிங்க வெயில்ல காயாம, மழையில நனையாம கடை போட ஆரம்பத்துலேருந்தே அந்த ஏற்பாடு இருந்துச்சு. வடக்குப் பக்கம் ஜம்முனு நிக்கற முனிசிபல் பேலஸ் பாக்க பழசு மாதிரி தெரியும், ஆனா அது சார்லஸ் ஹால்னு ஒரு இங்கிலீஷ் ஆர்க்கிடெக்ட் 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல முடிச்சது, அதுல பரோக் தேடி நேரத்த வீணாக்க வேண்டாம்.

இப்போ கதீட்ரல். வேலை ஆரம்பிச்சது 1575, பிளான் போட்டது ஃபிரான்சிஸ்கோ பெசெர்ரா. அந்தக் காலத்துல ஸ்பெயின்ல ராஜா இரண்டாம் ஃபிலிப் எஸ்கோரியல் அரண்மனைய கட்டிக்கிட்டிருந்தாரு, நேர்கோடு, வெறும் சுவர், அலங்காரம் கம்மி, அதுதான் அப்போ மரியாதையான ஸ்டைல். அந்தக் கட்டுப்பாட்டோட பொறந்த கட்டடம் இது. நடுவுல பணம் இல்லாம வருஷக்கணக்கா பாதியில நின்னுச்சு. 1640-ல பிஷப்பா வந்த ஹுவான் டி பலஃபோக்ஸ்தான் விடாம பிடிச்சு இழுத்து 1649 ஏப்ரல் 18-ல அர்ச்சிப்பு நடத்தினாரு, அதே வருஷம் ஸ்பெயினுக்குக் கிளம்பியும் போயிட்டாரு. வடக்கு டவர் 1678, தெற்கு டவர் 1768. அதாவது ரெண்டு டவருக்கும் நடுவுல 90 வருஷம் இடைவெளி, ஆனாலும் ரெண்டாவது டவர் கட்டினவங்க பழைய டிசைன மாத்தல. சுத்தியும் ஊரே டைல்ஸும் சுருள் வேலையுமா மாறிட்ட காலத்துல இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் பழைய அடக்கத்த விடாம காப்பாத்தியிருக்காங்க, அந்த முடிவு மேல எனக்கு பெரிய மதிப்பு உண்டு.

இன்னொண்ணு, நீங்க கதீட்ரலோட முகத்தையே பாக்கல. சோகலோல நின்னா தெரியறது அதோட வடக்குப் பக்கவாட்டுச் சுவர். மெயின் வாசல் மேற்கு பாத்து, 16 டி செப்டியெம்ப்ரே தெரு பக்கம் இருக்கு. வடக்கு பாத்த சுவர்ல வருஷத்துல பெரும்பாலான நாள் நேர் வெயில் அதிகம் விழாது, கல்லும் கரும்சாம்பல் நிறம், அதனாலதான் அவ்ளோ இருட்டா தெரிஞ்சுது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல மேற்கு வாசலுக்குப் போய் நில்லுங்க, 1664-னு வருஷம் செதுக்கின அந்த முகப்புல சாம்பல் கல்லுக்கு நடுவுல வெள்ளைக் கல்லுல செஞ்ச சிற்பம் எல்லாம் வெயில்ல தனியா எடுத்துக் காட்டும். ரெண்டு நிறம்தான், ஆனா எங்க எதை வைக்கணும்னு அளந்து வச்சிருக்காங்க.

உள்ள போனீங்கன்னா கதை மாற ஆரம்பிக்கும். கடைசியில கிழக்குச் சுவரோட இருக்கற "ராஜாக்களின் பீடம்", பலஃபோக்ஸ் கூட ஸ்பெயின்லேருந்து வந்த பெத்ரோ கார்சியா ஃபெர்ரர் செஞ்சது, அதுல முறுக்கித் திரிச்ச தூண் நிக்கும் பாருங்க, அந்தத் தூண் புது உலகத்துல வேர்விட ஆரம்பிச்ச இடங்கள்ல இது ஒண்ணு. நேர்த்தூண் பாரம் தாங்கிட்டு நிக்கும், முறுக்குத்தூண் சுழன்டு மேல ஏறுது, கண்ணும் கூடவே ஏறும், பரோக்கோட ஆரம்பப்பாடமே அதுதான். அப்படியே தலையத் தூக்கினா மேல சின்ன டோம்ல 1688-ல கிறிஸ்டோபால் டி வில்யல்பாண்டோ வரைஞ்ச ஓவியம், மேகமும் தேவதையும் வெளிச்சமுமா. அந்தக் காலத்து மெக்சிகோவுல டோமுக்குள்ள இப்படி ஓவியம் வரையறதே அபூர்வம், பல பேர் நடுவுல இருக்கற பெரிய பீடத்த ஃபோட்டோ எடுத்துட்டு இதைப் பாக்காமயே திரும்பிடறாங்க. அந்த நடுப் பீடம் மனுவெல் தோல்சா டிசைன் பண்ணது, 1797-ல ஆரம்பிச்சு 19-ஆம் நூற்றாண்டுலதான் முடிஞ்சுது, அது பரோக் இல்ல, பரோக்க வேண்டாம்னு ஒதுக்கிட்டு பழைய கிரேக்க, ரோமானிய ஸ்டைலுக்குத் திரும்பின நியோகிளாசிக்கல் தலைமுறையோட வேலை. நல்ல வேலைதான், ஆனா எனக்கு அது பின்னாடி இருக்கற பழைய பீடத்த மறைக்குதேன்னு வருத்தம் உண்டு. பாட்டுக்குழு உக்காரற மர இருக்கைகளையும் விட்டுடாதீங்க, பெத்ரோ முஞோஸ் 1719-லேருந்து 1722 வரைக்கும் விதவிதமான நிறத்து மரத்துண்ட பதிச்சு செஞ்சது.

சரி, இனி வெளிய வாங்க. 17-ஆம் நூற்றாண்டுல புவெப்லா நியூ ஸ்பெயினோட, அதாவது ஸ்பெயின் காலனியா இருந்த மெக்சிகோவோட, ரெண்டாவது பெரிய ஊர். கோதுமை, துணி, சோப்பு, கண்ணாடி, எல்லாத்துலயும் காசு. பக்கத்துல கிடைக்கற கல்லோ கறுப்பு, சிற்பம் செதுக்கினாலும் தூரத்துலேருந்து எடுபடாது. ஆனா மண்ணும் சுண்ணாம்பும் தாராளமா கிடைச்சுது. லொரேட்டோ, குவாதலூப்பே மலைப்பக்கம் கறுப்புக் களிமண், தொத்திமெஹுவாகான் பக்கம் ரோஸ் களிமண், இந்த ரெண்டையும் கலந்து ஊறவச்சு, காலால மிதிச்சு, அச்சுல போட்டு, காயவச்சு ஒரு தடவை சூளையில சுடுவாங்க. வெளிய வர்றப்போ அது வெறும் காவி நிறத்து ஓடு. அதை ஈயமும் தகரமும் கலந்த வெள்ளைக் கரைசல்ல முக்கி எடுத்து, காஞ்சதும் அந்தப் பொடி மேலயே பிரஷ்ஷால வரையணும். இழுத்த கோட்டை அழிக்க முடியாது, பொடி உடனே உறிஞ்சிடும். அப்புறம் ரெண்டாவது சூடு, அதுலதான் வெள்ளை பளபளன்னு கண்ணாடியாகி, கோபால்ட் நீலம் அடி ஆழத்துலேருந்து எழும்பி வரும். இப்படிச் செய்யறதுக்குப் பேருதான் தலவேரா, நல்ல தலவேரா டைல் மேல விரல வச்சு மெதுவா தடவிப் பாருங்க, நீலம் இருக்கற இடம் லேசா மேடா தட்டுப்படும். கடையில விக்கற பிரிண்ட் போட்ட டைல்ல அது இருக்காது.

1653-லயே இந்தக் குயவர்களுக்குன்னு சங்கச் சட்டம் போட்டுட்டாங்க, எது உயர்ந்த தரம், எது சாதாரணம், யார் செஞ்சாங்கன்னு அடையாளம் போடணும், எல்லாமே அதுல உண்டு. நீல-வெள்ளைக்கு இவ்ளோ மவுசு வந்ததுக்கு ஒரு காரணம் மணிலாவுலேருந்து அகபுல்கோ வந்த கப்பல்ல இறங்கின சீனப் பீங்கான், பணக்கார வீட்டுல எல்லாரும் அதைத்தான் விரும்பினாங்க, இங்க இருந்தவங்க அதைப் பாத்துப் பாத்து வரைஞ்சாங்க. நுட்பம் ஸ்பெயின் ஊர் தலவேராலேருந்து, அதுக்கு முன்னாடி அரபுக் கைவினைலேருந்து, நிறம் சீனாலேருந்து, மண்ணும் கையும் புவெப்லாவோடது. 2019-ல யுனெஸ்கோ இந்தக் கைத்தொழில மனிதகுலத்தோட அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு, ஊரோட பழைய பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியல்ல 1987-லயே சேந்தாச்சு.

இந்த டைலத்தான் சுவர்ல கொண்டுபோய் வச்சாங்க. சிவப்புச் செங்கல்ல பாய் பின்னின மாதிரி சாய்ச்சு சாய்ச்சு பதிச்சு, நடுநடுவுல ஒவ்வொரு நீல டைல், ஜன்னல சுத்தியும் கூரை விளிம்புலயும் வெள்ளைச் சாந்துல சுருள் வேலை. சிவப்பு, நீலம், வெள்ளை, இதுதான் புவெப்லாவோட அசல் முகம். இதைப் பாக்க சோகலோலேருந்து ரொம்ப தூரம் போகவே வேண்டாம், முனிசிபல் பேலஸ ஒட்டி 2 நோர்த்தே தெருவுல திரும்பினா "காசா டி லோஸ் முன்யேகோஸ்", அதாவது பொம்மை வீடு. 18-ஆம் நூற்றாண்டு கடைசியில அகுஸ்டின் டி ஒவாண்டோ கட்டினது, அவரும் நகரசபை உறுப்பினர்தான். முகப்புல ஆள் உயரத்துக்கு 16 உருவம், எல்லாம் டைல்ஸ்ல வரைஞ்சது, ஒருத்தன் கைய ஓங்கறான், ஒருத்தன் பழம் வச்சிருக்கான், ஒருத்தன் காலத் தூக்கி ஆடறான். வீடு நகரசபைக் கட்டடத்தவிட உயரமா போகுதுன்னு மத்த உறுப்பினர்கள் தடுத்தாங்களாம், அவங்களைக் கேலி பண்ணத்தான் இப்படி வரைய வச்சாருன்னு ஊர்ல சொல்வாங்க. ஆராய்ச்சி பண்ணவங்கள்ல சிலர் இது ஹெர்குலிஸ் கதைன்னு சொல்றாங்க, அந்த தடியும் உடம்பு முறுக்கும் பாத்தா எனக்கும் அதுதான் சரின்னு படுது. ஆனா ஒரு கதைய டைல் டைலா உடைச்சு, சூளையில தனித்தனியா சுட்டு, சாரத்துல ஏறி கோடு கோட்டோட சேர்ற மாதிரி மறுபடி ஒட்டியிருக்காங்களே, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்னு அந்தச் சேர்மானத்த மட்டும் ஒரு பத்து நிமிஷம் பாருங்க. இப்ப உள்ள பல்கலைக்கழக மியூசியம் இருக்கு.

அங்கேருந்து கிழக்க கொஞ்சம் நடந்தா, 4 ஓரியெந்தேவும் 6 நோர்த்தேவும் சேர்ற முக்குல "காசா டி அல்ஃபெனிகே". 1790-ல இன்சாவுர்ரெகின்னு ஒரு ஆர்க்கிடெக்ட் ஹுவான் இக்னாசியோ மொராலெஸுக்காகக் கட்டினது. இந்த மொராலெஸ் பிரபு இல்ல, பாதிரியார் இல்ல, கொல்லர், இரும்பு வேலை மேஸ்திரி. இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா பரோக்னா ராஜாவும் சர்ச்சும் காசு குடுத்துதான் வரும்னு நாம நினைச்சுக்கறோம், இங்க கைத்தொழில்ல முன்னுக்கு வந்த ஒரு மனுஷன் முக்குவீட்ட இப்படி அலங்கரிச்சு வச்சிருக்கான். அல்ஃபெனிகேங்கறது சர்க்கரையும் பாதாமும் சேத்து செய்யற வெள்ளை மிட்டாய், வீட்டோட சாந்து வேலைக்கு ஊர் வச்ச பேரு அது. முக்குல மேல் விளிம்பு சுவர விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், கீழேருந்து அண்ணாந்து பாக்கணும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். நேரம் இல்லன்னா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு இதை மட்டும் பாருங்க. சோகலோலேருந்து வாகனம் போகாத 5 டி மயோ தெருவுல வடக்க ஒரு அஞ்சு நிமிஷம் நடந்தா சாண்டோ டொமிங்கோ சர்ச். வெளிய சாதாரணமாத்தான் இருக்கும். உள்ள போய் பீடத்துக்குக் கிட்ட போனதும் இடப்பக்கம் திரும்புங்க, ரொசாரியோ சேப்பல், ரொசாரியோன்னா ஜெபமாலை. 1690 ஏப்ரல் 16-ல, ஊர் பொறந்த அதே தேதியில, அர்ப்பணம் பண்ணது. தரையிலேருந்து இடுப்பு உயரம் வரைக்கும் தலவேரா டைல், அதுல குட்டித் தேவதை முகம். அதுக்கு மேல ஒரு கை அளவு வெறும் இடம் இல்ல, சுவர், வளைவு, கூரை, டோம் எல்லாத்துலயும் சுதை வேலை, அதுக்கு மேல தங்க ரேக்கு.

உள்ள நுழைஞ்சதும் முதல் நிமிஷம் ஒண்ணுமே புரியாது, எல்லாருக்கும் அப்படித்தான், அவசரப்படாம நில்லுங்க. கண்ணு பழகினதும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். கூரைய மூணு பாகமா பிரிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு பெண் உருவம், விசுவாசம், நம்பிக்கை, அன்பு. அதைச் சுத்தி கொடி சுருண்டு சுருண்டு போகும், ஒரு கொடிய மட்டும் பிடிச்சுக்கிட்டு கண்ணால போனா அது இலையாகி, இலை ஒரு குழந்தை முகத்துக்குக் காதாகி, அங்கேருந்து வேற கொடி கிளம்பும். ரெண்டு பக்கச் சுவர்லயும் ரொட்ரிகெஸ் கர்னேரோ வரைஞ்ச பெரிய ஓவியங்கள், மாதா வாழ்க்கை. வாசல் பக்கம் திரும்பிப் பாத்தா மேல பிதாவாகிய கடவுளும் வாத்தியம் வாசிக்கற தேவதைகளும். நடுவுல டோம், அதோட ஜன்னல்லேருந்துதான் வெளிச்சம் இறங்குது, உச்சியில புறா வடிவத்துல பரிசுத்த ஆவி, சுத்தி அதோட ஏழு வரங்களும் பெண் உருவங்களா. அந்த வெளிச்சத்துக்கு நேர் கீழ ரெண்டு அடுக்கு முறுக்குத்தூணுக்கு நடுவுல ஜெபமாலை மாதா.

ஏன் இவ்ளோன்னு கேட்டா, இது டொமினிக்கன்னு ஒரு கத்தோலிக்கத் துறவிகள் சபையோட இடம், ஜெபமாலை அவங்களோட உயிர். 16-ஆம் நூற்றாண்டுல பிஷப்புங்க கூடிப் பேசின ட்ரென்ட் சங்கத்துக்கு அப்புறம் கத்தோலிக்க சர்ச், படிக்கத் தெரியாதவங்களும் கண்ணால பாத்து நம்பணும், மனசு உருகணும்னு முடிவு பண்ணுச்சு. ஜெபமாலை உருட்டறவங்க ஒரே வேண்டுதல திரும்பத் திரும்ப சொல்லி சொல்லி உள்ள போறாங்க, இந்தச் சுவரும் ஒரே கொடிய திரும்பத் திரும்ப சுழட்டி அதையேதான் பண்ணுது. அதனால இதை "ஓவர் டெகரேஷன்"னு ஒதுக்கறவங்க கூட நான் ஒத்துப்போறதில்ல. தங்க ரேக்குங்கறதும் மூச்சு விட்டா பறக்கற மெல்லிசு, உள்ள இருக்கறது சுண்ணாம்புதான். விலை உயர்ந்த பொருள விட கையோட உழைப்புதான் அங்க பெருசு.

அந்தக் கை யாரோடதுன்னு தெரிஞ்சுக்கணும்னா ஊர விட்டு வெளிய சொலூலா பக்கம் போங்க. சான்டா மரியா டொனான்ட்ஸின்ட்லான்னு ஒரு கிராமத்து சர்ச். ரொசாரியோ சேப்பல்ல பாத்த அதே சுதை, ஆனா இங்க தேவதைகள் மாநிறம், தலையில இறகுக் கிரீடம், சுத்தி உள்ளூர்ப் பழங்கள், தங்கத்தோட சிவப்பு, பச்சை, நீலம்னு வண்ணம். பூர்வகுடிக் கைவினைஞர்கள் தங்களோட ஊர்ல, தங்களோட முகத்தையே வச்சு செஞ்சுக்கிட்டது. எனக்கு ரெண்டுல எது பிடிக்கும்னு கேட்டா இதுதான். பக்கத்துலயே சான் ஃபிரான்சிஸ்கோ அகதேபெக், அதோட முகப்பு முழுக்க, தூண் உட்பட, டைல்.

நம்ம நாட்டோட ஒரு தொடர்பும் அந்த ஊர்ல இருக்கு. கதீட்ரலுக்குக் கிழக்க, கொஞ்ச தூரத்துல இயேசு சபை சர்ச், லா கொம்பஞியா, வெள்ளைச் சாந்து வேலையோட நிக்கும், 1767-ல திறந்தது, அதே வருஷம்தான் ஸ்பெயின் ராஜா இயேசு சபைய நாடு கடத்தினாரு. அங்க கதரினா டி சான் ஹுவான்னு ஒரு அம்மாவோட கல்லறை இருக்கு. சின்ன வயசுல இந்தியாவுல போர்ச்சுகீசியர்களால பிடிக்கப்பட்டு, கொச்சியில ஞானஸ்நானம் குடுத்து, மணிலாவுல அடிமையா வித்து, அகபுல்கோ வழியா புவெப்லா வந்து, வீட்டு வேலைக்காரியா வாழ்ந்து, ஊரே புனிதவதின்னு கொண்டாடின அந்த அம்மா 1688 ஜனவரி 5-ல இறந்தாங்க. ரொசாரியோ சேப்பல் அர்ப்பணமானதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, வில்யல்பாண்டோ டோம் வரைஞ்ச அதே வருஷம். பீங்கான் வந்த அதே கடல்வழியிலதான் மனுஷங்களையும் ஏத்திக்கிட்டு வந்திருக்காங்க. அங்க போறப்போ அந்தக் கல்லறை கிட்ட ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க.

பிளான் போடறதுக்கு சில விஷயம். காலையில ரொசாரியோ சேப்பல், டோம் ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கும், பூசை நடந்தா முடியற வரைக்கும் பின்னாடி உக்காந்திருங்க. அப்புறம் பொம்மை வீடு, அல்ஃபெனிகே. மதியம் கதீட்ரலுக்கு எதிர்த்தாப்ல, 5 ஓரியெந்தேல பலஃபோக்ஸ் லைப்ரரி, 1646-ல அவர் குடுத்த 5,000 புத்தகத்துல ஆரம்பிச்சது, இப்ப 45,000 இருக்கு, செதுக்கின மர அலமாரி மூணு அடுக்கு. சாயங்காலம் கதீட்ரலோட மேற்கு வாசல். திங்கக்கிழமை மட்டும் வேண்டாம், மியூசியமெல்லாம் பெரும்பாலும் மூடியிருக்கும். 1999 ஜூன்லயும் 2017 செப்டம்பர்லயும் வந்த நிலநடுக்கத்துல இந்தப் பக்கத்து பழைய சர்ச், வீடெல்லாம் நிறைய அடிபட்டுச்சு, அதனால எது திறந்திருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. டொனான்ட்ஸின்ட்லாவுக்கு தனியா அரை நாள் வையுங்க, உள்ள ஃபோட்டோ எடுக்க விடமாட்டாங்க, கிராமத்துக்காரங்க அதுல கண்டிப்பா இருப்பாங்க, கேமராவ பையிலயே வச்சுட்டு உள்ள போங்க.